முதலில் நகர்த்துவதா, முதலில் இழுப்பதா?

காமர்ஸ் படிக்கிறவள் கிராஃபைப் பற்றி எழுதினால் என் வகுப்புத் தோழிகளே சிரிப்பார்கள். சிரித்துவிட்டே படியுங்கள், பரவாயில்லை. ஒரு மாதமாக என் தலைக்குள் ஓடிக்கொண்டிருப்பது இது ஒன்றுதான். ஒரு வரைபடத்தை நகர்த்தவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்றால் எதை முதலில் செய்வது? கேட்பதற்குச் சின்னக் கேள்வி. ஆனால் இதை வைத்து ஒரு பெண்ணின் குரூப்பையே மாற்றப் பார்த்தார்கள். அதனால்தான் இத்தனை நீளமாக எழுதப் போகிறேன். பொறுமை இல்லாதவர்கள் நடுவில் வரும் ரயிலைப் பிடித்து ஏறிக்கொள்ளலாம் :-)

மணவூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் ஆறரைக்கு டியூஷன் எடுக்கிறேன். மொத்தம் ஆறு பிள்ளைகள். வருகிற காசு என் சீசன் டிக்கெட்டுக்கும் மொபைல் ரீசார்ஜுக்கும் சரியாகப் போய்விடும். ஐந்து பேர் எட்டாவதுக்குக் கீழே. ஒருத்தி மட்டும் +1, ஃபர்ஸ்ட் குரூப். அவளுக்குச் சொல்லித்தருவதற்காகவே 2018-இல் வந்த புதிய +1 கணக்குப் புத்தகத்தை வாங்கி உட்கார்ந்து படித்தேன். முதல் பாடத்திலேயே கணங்கள், உறவுகள், சார்புகள். அந்தப் பாடத்தின் கடைசியில் வருகிறது நம் விஷயம்: தெரிந்த ஒரு வரைபடத்தை எடுத்து, அதை நகர்த்தி, திருப்பி, நீட்டி, சுருக்கி, தெரியாத வரைபடத்தை வரைவது.

முதல் மிட்டெர்ம் தேர்வில் அவளுக்கு 50-க்கு 14. ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றில் முழுப் பூஜ்யம். கேள்வி இதுதான்: √எக்ஸ் என்பதன் வரைபடத்திலிருந்து √(2எக்ஸ் − 6) என்பதன் வரைபடத்தை வரைக. விடைத்தாளில் சிவப்பு மையில் 'வரிசை தவறு' என்று இரண்டே வார்த்தை. ஏன் தவறு, எது சரி, ஒன்றும் இல்லை. அவளாகப் போய்க் கேட்டதற்கு, "உள்ளே இருந்தா எல்லாமே உல்டா, மனப்பாடம் பண்ணிக்கோ" என்று பதில் வந்ததாம்.

அவள் அப்பா ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டியில் டிபன் கடை போட்டிருக்கிறார். நல்ல மனுஷர். மார்க்கைப் பார்த்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். "இன்னும் ரெண்டு வாரத்துக்குள்ள சொன்னா குரூப் மாத்தித் தருவாங்களாம்மா. இதுக்குக் கணக்கு வராது போல. பேசாம உன்ன மாதிரி காமர்ஸ்ல போட்டுடறேன்" என்றார்.

அந்த 'உன்ன மாதிரி' என்னைக் கொஞ்சம் குத்தியது. நானும் இதே மாதிரி ஒரு மார்க் ஷீட்டைப் பார்த்து மாற்றப்பட்டவள்தான். காமர்ஸ் எனக்குப் பிடித்திருக்கிறது, அக்கவுண்ட்ஸில் பேலன்ஸ் ஷீட் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்போது வருகிற சந்தோஷம் வேறு எதிலும் இல்லை. ஆனால் பிடித்து வந்து சேர்வது வேறு, கணக்கு வராதவர்கள் வந்து விழும் இடம் என்று அனுப்பப்படுவது வேறு. "மாமா, ரெண்டு வாரம் டைம் இருக்கில்ல, அதுவரைக்கும் பொறுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

* * *

சரி, அவள் என்ன செய்திருந்தாள்? √எக்ஸ் என்பது பூஜ்யத்தில் தொடங்கி வலப்பக்கமாக மெல்ல ஏறிப்போகும் வளைவு. உள்ளே 2 பெருக்கினால் கிடைமட்டமாகப் பாதியாகச் சுருங்கும். உள்ளே 6 கழித்தால் வலப்பக்கம் 6 நகரும். இதுவரை அவளுக்குச் சரியாகத் தெரியும். "2எக்ஸ் − 6-ல ரெண்டு முதல்ல வருது, ஆறு அப்புறம் வருது. போட்மாஸ் படியும் பெருக்கல்தான முதல்ல? அதான் முதல்ல பாதியா சுருக்கினேன், அப்புறம் ஆறு தள்ளினேன்" என்றாள். அவள் வளைவு 6-இல் தொடங்கியது. சரியான வளைவு 3-இல் தொடங்க வேண்டும். (3-ஐப் போட்டுப் பாருங்கள்: 6 − 6 = 0. வர்க்கமூலம் அங்கேதான் பிறக்கிறது.)

எனக்கு இதில் முட்டாள்தனம் எதுவும் தெரியவில்லை. காரணத்தோடு யோசித்து ஒரு வரிசையைப் பிடித்திருக்கிறாள். அந்த வரிசை செங்குத்துத் திசையில் செய்தால் முழுக்கச் சரி. அதனால் அங்கிருந்தே தொடங்கினேன். அது எனக்குத் தெரிந்த ஊர், கடை பில்லும் வருமான வரியும்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி போகும் அதே மாதத்தில்தான் எல்லாத் துணிக்கடையிலும் தள்ளுபடி. 1,000 ரூபாய் சட்டை, 5 சதவீத ஜிஎஸ்டி. கடைக்காரர் 10 சதவீதம் தள்ளுபடி தருகிறார் என்றால், முதலில் தள்ளிவிட்டு வரி போட்டாலும் 945, முதலில் வரி போட்டுவிட்டுத் தள்ளினாலும் 945. இரண்டுமே பெருக்கல். இழுப்பும் இழுப்பும் சண்டை போடாது. அதே மாதிரி, 50 ரூபாய் கூப்பன் ஒன்றும் 30 ரூபாய் கூப்பன் ஒன்றும் இருந்தால் எதை முதலில் நீட்டினாலும் 80 ரூபாய்தான். நகர்த்தலும் நகர்த்தலும் சண்டை போடாது. ஆனால் சதவீதமாக இல்லாமல் 'நேரடியாக 100 ரூபாய் குறைப்பு' என்று வந்தால்? 100 கழித்துவிட்டு வரி போட்டால் 945. வரி போட்டுவிட்டு 100 கழித்தால் 950. ஐந்து ரூபாய் வித்தியாசம். பில்லிலேயே காட்டிக் கொடுக்கும் தள்ளுபடியை விலையிலிருந்து கழித்துவிட்டு, மீதிக்குத்தான் ஜிஎஸ்டி போட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஒரே திசையில் ஒரு நகர்த்தலும் ஒரு இழுப்பும் சேரும்போதுதான் வரிசை முக்கியமாகிறது.

ஐந்து ரூபாய்க்கா இவ்வளவு என்பவர்களுக்கு வருமான வரி. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையை எடுத்துக்கொள்வோம். வரிக்குரிய வருமானத்தில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம். சரியாக 12 லட்சம் என்றால் 20,000 + 40,000 = 60,000 ரூபாய் வரி. இதற்கு ரிபேட் என்று அதே 60,000 ரூபாயைத் தள்ளுபடி செய்கிறார்கள். மிச்சம் பூஜ்யம். அதன் மேல் 4 சதவீத செஸ் போட்டாலும் பூஜ்யம். "12 லட்சம் வரை வரி இல்லை" என்று பேப்பரில் போட்டது இதைத்தான்.

இப்போது வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் செஸ்: 60,000 என்பது 62,400 ஆகிறது. அப்புறம் ரிபேட் 60,000. மிச்சம் 2,400 ரூபாய். சட்டம் 'முதலில் கீழே இறக்கு, பிறகு இழு' என்று வரிசையை எழுதி வைத்திருப்பதால்தான் அந்த 2,400 ரூபாய் அவர் பையில் இருக்கிறது. என் வகுப்பில் டாக்ஸேஷன் பேப்பரில் இந்த வரிசையை எல்லோரும் உருப்போட்டுப் பாஸ் செய்கிறோம். இது ஒரு வரைபட உருமாற்றம் என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை.

அதே கணக்கில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. மாதச் சம்பளக்காரர்களுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 75,000 உண்டு. சம்பளத்திலிருந்து 75,000 கழித்த பிறகுதான் வரி கணக்கு ஆரம்பிக்கும். அதனால் 12 லட்சம் என்ற வாசல் 12.75 லட்சத்துக்கு நகர்ந்துவிடுகிறது. கவனியுங்கள், உள்ளே கழிக்கிறோம், வரைபடமோ வலப்பக்கம் போகிறது. +1 பிள்ளைகள் முதலில் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். 'மைனஸ் என்றால் இடப்பக்கம்தானே போக வேண்டும்?' இல்லை. கழிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், அதே இடத்தில் நிற்க நீங்கள் 75,000 அதிகமாகக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான். (எங்கள் தெருவில் யாரும் 12.75 லட்சத்தை நேரில் பார்த்ததில்லை என்பது தனிக் கதை.)

இந்த 75,000 கிடைமட்டத் திசையில் நடக்கிறது, செஸ் செங்குத்துத் திசையில் நடக்கிறது. சம்பளத்துக்கு வரி என்று ஒரு வரைபடம் போட்டு, முதலில் வலப்பக்கம் நகர்த்திவிட்டு மேலே இழுத்தாலும், மேலே இழுத்துவிட்டு வலப்பக்கம் நகர்த்தினாலும் ஒன்றேதான். ஒருவர் தெருவில் நடக்கிறார், இன்னொருவர் மாடிப்படி ஏறுகிறார், இருவரும் இடித்துக்கொள்ள வழியே இல்லை. ஆகவே எவ்வளவு பெரிய கணக்காக இருந்தாலும் முதலில் இரண்டாகப் பிரித்துவிடலாம். வெளியே இருப்பதெல்லாம் செங்குத்து, உள்ளே இருப்பதெல்லாம் கிடைமட்டம். வெளியே இருப்பதைக் கணக்குப் போடுகிற வரிசையிலேயே செய்யலாம். 3 − 2√எக்ஸ் என்றால் இரண்டு மடங்கு இழு, தலைகீழாகத் திருப்பு, 3 மேலே ஏற்று. இதை அவள் பத்தே நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள்.

* * *

உள்ளே இருப்பதுதான் வம்பு. உள்ளே ஏன் உல்டா?

2எக்ஸ் − 6 என்பது எக்ஸுக்கு நடப்பதைச் சொல்கிறது. முதலில் இரண்டால் பெருக்கு, பிறகு ஆறைக் கழி. ஆனால் வரைபடம் வரைகிற நமக்குத் தேவையானது அதற்கு எதிர்த் திசை. பழைய வளைவில் ஒரு புள்ளி இருக்கிறது, புதிய வளைவில் அதே உயரம் எந்த எக்ஸில் வரும்? பெருக்கி, கழித்து வந்த இடத்திலிருந்து திரும்பிப் போக வேண்டும். திரும்பும்போது கடைசியில் செய்ததைத்தான் முதலில் அவிழ்க்க முடியும்.

திருத்தணி மலைக்கு 365 படி, நாளுக்கு ஒரு படி கணக்கு. ஏறும்போது கடைசியாக மிதித்த படிதான் இறங்கும்போது முதல் படி. யாராவது மேலே நின்றுகொண்டு 'நான் முதல் படியிலிருந்துதான் இறங்குவேன்' என்றால் என்ன ஆகும்? அவள் சிரித்தாள். ஜுரம் பார்க்கும் கணக்கும் இதே மாதிரிதான். செல்சியஸிலிருந்து ஃபாரன்ஹீட்டுக்குப் போக 9/5-ஆல் பெருக்கி 32 கூட்டுகிறோம். திரும்பி வரும்போது முதலில் 32-ஐக் கழித்துவிட்டுத்தான் 5/9-ஆல் பெருக்குகிறோம். 98.6-இல் 32 போனால் 66.6, அதில் ஒன்பதில் ஐந்து பங்கு 37. இதை ஏழாவது படிக்கிற பொடியன்கூடச் செய்கிறான்.

ஆக, 2எக்ஸ் − 6 என்றால் முதலில் 6 கூட்டு, பிறகு 2-ஆல் வகு. முதலில் வலப்பக்கம் 6 நகர்த்து, பிறகு பாதியாகச் சுருக்கு. பூஜ்யம் 6-க்குப் போய், 6 பாதியாகி 3. இன்னொரு புள்ளியையும் பார்த்துவிடுவோம். √எக்ஸில் 4-க்கு நேரே உயரம் 2. அந்த 4 நகர்ந்து 10, சுருங்கி 5. புதிய சார்பில் 5-ஐப் போட்டால் 10 − 6 = 4, அதன் மூலம் 2. சரியாக உட்கார்ந்துவிட்டது.

இதையே 2(எக்ஸ் − 3) என்று பொதுக் காரணி எடுத்து எழுதினால் வரிசை மாறும். அப்போது முதலில் பாதியாகச் சுருக்கு, பிறகு வலப்பக்கம் 3 நகர்த்து. பூஜ்யம் சுருங்கினாலும் பூஜ்யம்தான், அது நகர்ந்து 3. இரண்டு பாதையும் ஒரே வாசலில் கொண்டுபோய் விடுகின்றன. ஆனால் ஒரு பாதையின் வரிசையையும் இன்னொரு பாதையின் எண்ணையும் கலந்தால் போச்சு. சுருக்கிவிட்டு 6 நகர்த்தினால் வருவது √(2எக்ஸ் − 12). அதாவது அவள் எழுதியது சரியான விடைதான், கேட்காத கேள்விக்கு. விடைத்தாளில் இரண்டு வார்த்தை எழுதியதற்குப் பதில் இந்த ஒரு வரி எழுதியிருந்தால் அவள் அன்று ராத்திரி சாப்பிட்டிருப்பாள்.

* * *

இதோடு முடிந்திருக்கும். மறுநாள் அவள் ஒரு ரயிலைக் கொண்டுவந்தாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதற்கும் ரயில்தான் உதாரணம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது. அது எங்கள் ஊர் வழியாகப் போகும் இதே தடம். ரயிலையும் வரைபடத்தையும் சேர்த்ததும் புதிதல்ல. பிரான்சில் மாரே என்பவர் 1885-இல் வெளியிட்ட புத்தகத்தில் பாரிஸ்-லியோன் ரயில்கள் எல்லாவற்றையும் சாய்வுக் கோடுகளாகப் போட்ட ஒரே ஒரு படம் இருக்கிறது. ஒரு பக்கம் நேரம், ஒரு பக்கம் ஊர்கள். கோடு செங்குத்தாக இருந்தால் வேகமான ரயில், படுத்துக் கிடந்தால் பாசஞ்சர். நம் ரயில்வே கன்ட்ரோல் ஆபீஸ்களிலும் பல காலம் இதே மாதிரி சார்ட்டில் பென்சிலால் கோடு இழுத்துத்தான் வண்டிகளை ஓட்டினார்கள். இப்போது அந்தக் கோட்டைக் கம்ப்யூட்டர் இழுக்கிறது.

அவள் கேள்வி இது. அரக்கோணத்தில் பூஜ்யமாவது நிமிடத்தில் கிளம்பி மணவூருக்கு 20-ஆவது நிமிடத்தில் வரவேண்டிய வண்டி. அன்றைக்கு 10 நிமிடம் லேட்டாகக் கிளம்பியது. வழியெல்லாம் பாதி வேகத்தில் ஊர்ந்தது. "முதல்ல லேட்டு, அப்புறம்தான் ஸ்லோ. அப்போ கிராஃபையும் முதல்ல 10 நகர்த்தணும், அப்புறம் ரெண்டு மடங்கு இழுக்கணும், சரியாக்கா? கிளம்புற புள்ளி பூஜ்யம், 10 ஆகி, 20 ஆகுது. வந்து சேர்ற புள்ளி 20, 30 ஆகி, 60 ஆகுது. மணவூருக்கு 60-ஆவது நிமிஷம் வரும்."

அப்போது அவள் அப்பா அவளைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் தோசை ஊற்றுவதே ரயில் நேரத்தை வைத்துத்தான். வண்டி நிற்கும்போது சட்டினி தயாராக இல்லையென்றால் அன்றைய வியாபாரம் அவ்வளவுதான். "அறுபதா? அது எப்படி?" என்றார். "பத்து நிமிஷம் கழிச்சுக் கிளம்புது. பாதி வேகம்னா இருவது நிமிஷப் பயணம் நாப்பது. பத்தும் நாப்பதும் அம்பது. லேட்டு லேட்டுதான், அது எதுக்குமா ரெட்டிப்பாகும்?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரமாக நான் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் அது.

லேட்டு எதற்காக ரெட்டிப்பாகும்? வரைபடத்தை இழுக்கும்போது எங்கிருந்து இழுக்கிறோம் என்பதுதான் பதில். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து பாவாடைக்குப் போடும் எலாஸ்டிக்கை ஒரு முழம் எடுத்து வந்தேன். ஒரு முனையைத் திண்ணையின் ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டேன். அதுதான் அச்சு, கடிகாரத்தின் பூஜ்யம். பேனாவால் எலாஸ்டிக்கில் இரண்டு கோடு போட்டேன், ஒன்று கட்டைவிரலை ஒட்டி, இன்னொன்று தள்ளி. கட்டைவிரலை ஒட்டிய கோடு எவ்வளவு இழுத்தாலும் அசையவில்லை. மறு கோடு மட்டும் இரண்டு மடங்கு தூரம் போனது. இப்போது இரண்டு கோட்டையும் சேர்த்துக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டு இழுத்துப் பார்த்தால்? கோடுகளுக்கு நடுவில் இருப்பது மட்டும் நீளவில்லை. கட்டைவிரலுக்கும் முதல் கோட்டுக்கும் நடுவில் இருக்கும் வெற்று இடமும் சேர்ந்து நீளுகிறது. அந்த வெற்று இடம்தான் லேட்டு.

வரைபடம் எங்கே நிற்கிறது என்று இழுப்புக்குத் தெரியாது. அது எப்போதும் அச்சைப் பிடித்துக்கொண்டுதான் இழுக்கும். ரயில் டிரைவர் கிளம்பிய இடத்திலிருந்து மெதுவாகப் போகிறார், கிராஃப் கடிகாரத்தின் பூஜ்யத்திலிருந்து மெதுவாகப் போகிறது. ஆகவே நிஜத்தில் லேட்டு முதலில், ஊர்வது பிறகு. கிராஃபிலோ முதலில் இழுக்க வேண்டும், வண்டி பூஜ்யத்தில் நிற்கும்போதே. பிறகுதான் 10 நகர்த்த வேண்டும். பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்து 10 ஆகும், 20 என்பது 40 ஆகி 50 ஆகும். அப்பா சொன்ன கணக்கு.

அவள் சொன்ன 60-க்கும் ஒரு ரயில் உண்டு. அரக்கோணத்துக்கு வருமுன்பே எங்கோ ஒரு பாதி வேகக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், லேட்டும் அந்தக் கடிகாரத்தில் எண்ணப்பட வேண்டும். அப்படி ஒரு தெற்கு ரயில்வே இதுவரை இல்லை :-)

கணக்குப் பாஷையில் சொன்னால், நிமிடத்தை 'டி' என்று வைத்தால் ஒன்று எஃப்((டி − 10)/2), இன்னொன்று எஃப்(டி/2 − 10). இரண்டையும் அவளே எழுதினாள். முதலாவதில் அடைப்புக்குறி போட்டுப் பத்தைக் காப்பாற்றியிருக்கிறோம், இரண்டாவதில் பத்து வெளியே நின்று அடி வாங்குகிறது. "அப்போ பிராக்கெட் இருக்கிறதே லேட்டைப் பத்திரமா வெக்கத்தானா?" என்று கேட்டாள். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு நன்றாக எழுதியிருக்கவில்லை.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எஃப் புரிந்திருக்காது. ஆனால் தான் சொன்ன 50-ஐ மகள் காகிதத்தில் கொண்டுவந்ததைப் பார்த்தார். போகும்போது என்னிடம், "காலாண்டு வரைக்கும் பார்க்கலாம்மா" என்றார். குரூப் மாற்றும் ஃபாரம் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது, மடித்தபடியே. அதைக் கிழிக்கவெல்லாம் இல்லை. சினிமாவா இது.

* * *

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், காமர்ஸ் ஜனங்களுக்கு. 'உள்ளே இருந்தால் உல்டா' என்பது பொய்யில்லை. அதை மட்டும் உருப்போட்டு மார்க் வாங்கிவிடலாம். ஆனால் தேர்வு ஹாலில் பதற்றத்தில் உல்டாவே உல்டாவாகிவிடும். அப்போது கையில் என்ன இருக்கும்? ஒரு புள்ளி. எந்த வரிசையில் செய்தாலும் கடைசியில் ஒரே ஒரு புள்ளியை எடுத்துச் சார்பில் போட்டுப் பார்க்கலாம். பத்து வினாடி வேலை. நாம் ட்ரையல் பேலன்ஸில் இரண்டு பக்கமும் கூட்டிப் பார்க்கிறோமே, அதே வேலைதான். அக்கவுண்ட்ஸில் கூட்டிப் பார்க்காமல் நோட்டை மூடுகிறவர்கள் யாராவது உண்டா? (நம் வகுப்பில் இரண்டு பேர் உண்டு. பெயர் சொல்லமாட்டேன்.)

காலாண்டுத் தேர்வு அடுத்த திங்கள்கிழமை தொடங்குகிறது. நேற்று அவளுக்கு நானாகவே ஒரு கணக்குக் கொடுத்தேன்: √(6 − 2எக்ஸ்). இதில் நகர்த்தல், சுருக்கல், எதிரொளிப்பு மூன்றும் ஒரே திசையில் இருக்கின்றன. அவள் உடனே எழுத ஆரம்பிக்கவில்லை. பென்சிலைக் காதோரம் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு வழியில் செய்தாள். முதல் வழியில் இடப்பக்கம் 6 நகர்த்தி, பாதியாகச் சுருக்கி, அச்சில் திருப்பினாள். பூஜ்யம், −6, −3, 3. இரண்டாவது வழியில் −2(எக்ஸ் − 3) என்று எழுதிக்கொண்டு, சுருக்கி, திருப்பி, வலப்பக்கம் 3 நகர்த்தினாள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், 3.

"அக்கா, சுருக்குறதையும் திருப்புறதையும் மாத்திச் செஞ்சாலும் அதேதான் வருது."

"ஏன்?"

"ரெண்டும் அச்சைத்தான புடிச்சிருக்கு. நகர்த்துறது மட்டும்தான் அச்சை விட்டுடுது."

பிறகு, நான் சொல்லாமலே, எக்ஸ் இருக்கும் இடத்தில் 1-ஐப் போட்டாள். 6 − 2 = 4, மூலம் 2. தன் வளைவில் 1-க்கு நேரே விரலை வைத்து மேலே கொண்டுபோனாள். 2-இல் இடித்தது. நோட்டைத் திருப்பி அடுத்த கணக்கைப் போட ஆரம்பித்தாள்.